ஜூலை 3: சாபத்தை விடுங்கள், பாட்டைக் கேளுங்கள்

சென்ற இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் பிரையன் ஜோன்ஸும் டோர்ஸ் குழுவின் பாடகர் ஜிம் மாரிசனும் ஒரே தேதியில், ஜூலை 3 அன்று, இரண்டு வருட இடைவெளியில் இறந்தவர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தத் தேதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இருவருக்கும் வயது 27. தேதியும் ஒன்று. ஒருவர் நீச்சல் குளத்தில், இன்னொருவர் குளியல் தொட்டியில். இதையெல்லாம் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியுமா? '27 சாபம்' என்று சொல்கிறார்களே?

முடியும். ஆனால் உங்களுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்பது புரிகிறது, எனக்கும் பல வருடங்கள் அப்படித்தான் தோன்றியது. 1969 ஜூலை 3 ஜோன்ஸ், 1970 செப்டம்பர் 18 ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், அதே வருடம் அக்டோபர் 4 ஜானிஸ் ஜாப்ளின், 1971 ஜூலை 3 மாரிசன். இரண்டே வருடத்தில் நான்கு பேர், நால்வருக்கும் 27. ஆரம்பித்த தேதியிலேயே வந்து முடிகிறது. பிறகு 1994இல் கர்ட் கோபேனும் 2011இல் ஏமி வைன்ஹவுஸும் அதே வயதில் போனதும் சாபக் கதை இன்னும் பலமாகிவிட்டது.

இதை உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1956 முதல் 2007 வரை பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பம் வைத்திருந்த 1,046 இசைக்கலைஞர்களின் விவரத்தை எடுத்து அலசி, 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. 27 வயதில் தனியாக எந்த ஏற்றமும் இல்லை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது, அதை யாரும் பேசுவதில்லை: இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும் புகழ்பெற்ற இசைக்கலைஞர்கள் இறந்துபோகும் வாய்ப்பு, அதே வயதுள்ள சாதாரண மக்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். குடி, போதை, தூக்கமில்லாத சுற்றுப்பயணம், 'போதும் நிறுத்து' என்று சொல்ல ஆளில்லாத சூழல், இவ்வளவுதான் காரணம். சாபம் என்று சொல்லிவிட்டால் இதில் யாருக்கும் பொறுப்பில்லாமல் போய்விடும், அதனால்தான் எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை.

ஒரே தேதி என்பதும் அப்படித்தான். ஆகஸ்ட் 16ஐப் பாருங்கள். 1938இல் ராபர்ட் ஜான்சன் (அவருக்கும் 27), 1977இல் எல்விஸ் பிரெஸ்லி, 2018இல் அரேதா ஃபிராங்க்ளின். 365 நாளுக்குள் இத்தனை ஆயிரம் கலைஞர்களைப் பொருத்தினால் சில நாட்களில் கூட்டம் சேரத்தான் செய்யும்.

கேள்வி: ஜோன்ஸ் இறந்தது ஜூலை 2 என்றும் சில இடங்களில் படித்தேன். எது சரி? அது கொலை என்பது உண்மையா?

இங்கிலாந்தின் சசெக்ஸில், கோட்ச்ஃபோர்ட் ஃபார்ம் என்ற அவருடைய வீட்டு நீச்சல் குளத்தில் 2ஆம் தேதி இரவு, நள்ளிரவை ஒட்டி அவரைக் கண்டெடுத்தார்கள். அதனால்தான் இரண்டு தேதியும் சுற்றுகிறது, வழக்கமாகக் குறிப்பது 3. விசாரணையில் அசம்பாவிதத்தால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பானது. கொலை என்று புத்தகங்களும் படமும் வந்தன, சசெக்ஸ் போலீஸ் 2009இல் மறுபடி பரிசீலித்து, வழக்கைத் திறக்கப் புதிய ஆதாரம் இல்லை என்று அடுத்த வருடம் சொல்லிவிட்டது. நான் அதற்கு மேல் போக மாட்டேன்.

கேள்வி: ஸ்டோன்ஸ் பாடல்களையெல்லாம் எழுதியது பாடகர் மிக் ஜாகரும் கிட்டார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸும்தான். அப்படியிருக்க ஜோன்ஸை இவ்வளவு தூக்கி வைத்துப் பேசுவது ஏன்? குளத்தில் இறந்ததால்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். பாடல் எழுதியவர் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது, அது உண்மை. ஆனால் அந்தக் குழுவை ஆரம்பித்தவரே அவர்தான். செல்ட்னம் ஊர்ப் பையன், லண்டனில் ஈலிங் கிளப்பில் 1962 ஏப்ரலில் 'எல்மோ லூயிஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் பேர்பெற்ற எல்மோர் ஜேம்ஸின் பாட்டை ஸ்லைடு கிட்டாரில் (விரலில் ஒரு குழலை மாட்டித் தந்தியின் மேல் வழுக்கி வாசிப்பது) வாசித்துக்கொண்டிருந்தார், அங்கேதான் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் அவரை முதன்முதலில் பார்த்து வாய் பிளந்து நின்றார்கள். குழுவுக்குப் பெயர் வைத்ததும் அவரே. ரிச்சர்ட்ஸ் சொல்லும் கதைப்படி, விளம்பரம் கொடுக்கப் பத்திரிகைக்குப் போன் போட்டபோது 'குழுவின் பெயர் என்ன' என்று கேட்டிருக்கிறார்கள், தரையில் கிடந்த ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் இசைத்தட்டில் கண்ணில் பட்ட பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டாராம்.

சரி, அது ஆரம்பக் கதை. எனக்கு முக்கியம் 1966. அந்த வருடத்து 'ஆஃப்டர்மாத்'தான் முழுக்க முழுக்க ஜாகர், ரிச்சர்ட்ஸ் பாடல்களால் ஆன முதல் ஸ்டோன்ஸ் ஆல்பம், அதாவது தான் ஆரம்பித்த குழு தன் கையை விட்டுப் போவதை ஜோன்ஸ் கண்ணால் பார்த்த வருடம். அப்போது அவர் என்ன செய்தார் தெரியுமா? கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்டூடியோவில் எது கிடக்கிறதோ அதைக் கையில் எடுத்தார். 'அண்டர் மை தம்ப்' பாட்டில் மரிம்பா, மரக்கட்டைகளைத் தட்டும் அந்த வட்ட வட்டமான ஓசை. 'லேடி ஜேன்' பாட்டில் டல்சிமர், மடியில் வைத்து மீட்டும் தந்தி வாத்தியம். 'பெயின்ட் இட் பிளாக்' பாட்டில் சிதார். மரிம்பாவை மட்டும் மனதுக்குள் அழித்துவிட்டு 'அண்டர் மை தம்ப்' பாட்டைப் பாடிப் பாருங்கள். என்ன மிஞ்சுகிறது? அந்தப் பாட்டு நினைவுக்கு வரும்போது நம் வாய் முதலில் முணுமுணுப்பதே மரிம்பாவின் வரியைத்தானே.

1967 ஜனவரியில் வந்த 'ரூபி டியூஸ்டே' இன்னும் நல்ல உதாரணம். அதில் பின்னால் ஒரு குழலோசை வரும், ரெக்கார்டர் என்று பள்ளிப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிற எளிய குழல்தான் அது. குரலுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நடந்து, பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில் மட்டும் முன்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்விடும். பாட்டின் சோகம் முழுக்க அந்தக் குழலில் இருக்கிறது. இதற்கெல்லாம் பாடலாசிரியர் பெயரில் பங்கு கிடைக்காது, ராயல்டியும் கிடைக்காது. பாப் இசைத் தொழிலின் கணக்கு அப்படி. மெட்டையும் வரிகளையும் எழுதியவருக்குப் பணம், அதற்கு உருவம் கொடுத்தவருக்குக் கைதட்டல் மட்டும்.

கடைசிக் காலத்தில் அவரால் ஒழுங்காக வாசிக்க முடியாத நாட்கள் அதிகமாகிவிட்டன, அதையும் மறைக்கக் கூடாது. 1969 ஜூனில் குழுவிலிருந்து விலக்கப்பட்டார், அவர் இடத்தில் கிட்டார் வாசிக்க மிக் டெய்லர் வந்தார். ஆனால் அதற்கு முந்தின வருடம் பதிவான 'நோ எக்ஸ்பெக்டேஷன்ஸ்' பாட்டில் ஒரு ஸ்லைடு வாசித்திருக்கிறார், ஈலிங் கிளப்பில் ஆரம்பித்த அதே ஸ்லைடு. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சுத்தமாக. ஸ்டோன்ஸில் அவர் பங்கு என்ன என்று யாராவது கேட்டால் நான் வாதாட மாட்டேன், அந்த நான்கு நிமிடத்தைப் போட்டுவிடுவேன்.

ஒரு கூடுதல் செய்தி. பீட்டில்ஸின் 'யூ நோ மை நேம்' என்ற பாட்டில் வரும் சாக்ஸஃபோன் ஜோன்ஸுடையது. 1967இல் வாசித்தார், இசைத்தட்டாக வந்தது 1970இல், அவர் போன பிறகு.

கேள்வி: ஜோன்ஸ் இறந்த இரண்டாம் நாளே ஸ்டோன்ஸ் மேடை ஏறினார்களாமே, மனசாட்சி இல்லையா?

ஜூலை 5, லண்டன் ஹைட் பார்க். ஏற்கெனவே அறிவித்திருந்த இலவச நிகழ்ச்சி அது, மிக் டெய்லரை அறிமுகப்படுத்துவதற்காக ஏற்பாடு செய்தது, அதையே அஞ்சலியாக மாற்றினார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேல் கூட்டம் என்று கணக்கு. ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் மறைந்தபோது இன்னொரு கவிஞர் ஷெல்லி எழுதிய இரங்கற்பாவிலிருந்து சில வரிகளை ஜாகர் வாசித்தார், பிறகு பெட்டிகளைத் திறந்து வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டார்கள். வெயிலில் பெட்டிக்குள்ளேயே அடைந்து கிடந்ததில் பல பூச்சிகள் முன்பே செத்துப்போயிருந்தன, திறந்ததும் மேடையிலேயே விழுந்தன. அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். மனசாட்சி இல்லை என்று சொல்ல மாட்டேன். இருபதுகளில் இருந்த பிள்ளைகள், துக்கத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் தெரிந்த வழியில் காட்டினார்கள்.

கேள்வி: மாரிசன் ஜோன்ஸுக்காகக் கவிதை எழுதினார் என்பது கட்டுக்கதையா?

இல்லை, உண்மை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தை நினைத்தும் இறந்துபோன பிரையன் ஜோன்ஸை நினைத்தும் ஒரு நீண்ட கவிதை எழுதி, அச்சடித்து, அதே மாதம் 21ஆம் தேதி ஹாலிவுட்டில் அக்வேரியஸ் தியேட்டரில் நடந்த டோர்ஸ் நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் கையில் கொடுத்தார்கள். அதை வாங்கிப் படித்தவர்களுக்கு, எழுதியவரும் சரியாக இரண்டு வருடத்தில் அதே தேதியில் போகப்போகிறார் என்று எப்படித் தெரியும்? தேதிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று மேலே எழுதினேன், ஆனாலும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.

கேள்வி: மாரிசனுக்குப் பிரேதப் பரிசோதனையே நடக்கவில்லையாமே? அவர் உயிரோடு எங்கோ இருக்கிறார் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார்.

பரிசோதனை நடக்கவில்லை என்பது சரி. அவர் இறந்தது பாரிஸில். சந்தேகத்துக்கு இடமில்லை என்று அதிகாரிகள் கருதினால் பிரெஞ்சுச் சட்டப்படி அது கட்டாயமில்லை. இதயம் நின்றது காரணம் என்று பதிவானது. 7ஆம் தேதி பாரிஸின் பேர் லாஷேஸ் கல்லறையில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் முன்னிலையில் அடக்கம், அதற்குப் பிறகுதான் வெளியுலகத்துக்கே செய்தி. இவ்வளவு ரகசியமாக நடந்தால் வதந்தி கிளம்பத்தானே செய்யும். அந்தச் சமாதியில் 1981இல் வைத்த மார்பளவுச் சிலை 1988இல் திருட்டுப் போய், 2025இல் பாரிஸ் போலீசார் வேறு ஏதோ வழக்கில் தேடும்போது கையில் கிடைத்தது. உங்கள் நண்பருக்கு இதையும் சொல்லுங்கள்.

ஆனால் சமாதியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பானேன்? அவர் பாரிஸுக்குப் போகுமுன் முடித்துக் கொடுத்துவிட்டுப் போன வேலை இருக்கிறது. 'எல்.ஏ. வுமன்' ஆல்பம், 1971 ஏப்ரலில் வந்தது. அதுவரை அவர்களோடு இருந்த தயாரிப்பாளர் பால் ராத்சைல்டு விலகிவிட, குழுவே ஒலிப்பதிவாளர் புரூஸ் பாட்னிக்கோடு சேர்ந்து, பெரிய ஸ்டூடியோ எதுவும் வேண்டாம் என்று, தாங்கள் ஒத்திகை பார்க்கும் இடத்திலேயே பதிவு செய்தார்கள். பாடுவதற்குத் தனி அறை இல்லை, மாரிசன் அங்கிருந்த குளியலறையில் நின்றுதான் பாடினார். அந்தச் சுவர்களின் எதிரொலி குரலில் கேட்கிறது. பேஸ் கிட்டாருக்கு எல்விஸின் குழுவில் வாசித்த ஜெர்ரி ஷெஃப் வந்தார்.

கடைசிப் பாட்டு 'ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்'. மழை, இடி, எலெக்ட்ரிக் பியானோவில் துளித்துளியாக இறங்கும் சுரங்கள், இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஹெட்ஃபோன் போட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, பாடும் குரலுக்கு அடியில் கவனியுங்கள். அதே வரிகளை இன்னொரு குரல் ரகசியம் சொல்வதுபோல் கிசுகிசுத்துக்கொண்டே வரும். அதுவும் மாரிசன்தான், பாடிய பிறகு மேலே சேர்த்துப் பதிந்தது. நான் இதைக் கண்டுபிடித்தபோது பாட்டைக் கேட்கத் தொடங்கிப் பத்து வருடமாவது ஆகியிருக்கும். அன்று இரவு திரும்பத் திரும்ப அதையேதான் போட்டுக்கொண்டிருந்தேன்.

கேள்வி: ஜூலை 3 அன்று பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி ஓய்வு அறிவித்தார் என்று படித்தேன். பிறகு எப்படி இத்தனை ஆல்பம்?

1973 ஜூலை 3, லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன். அப்போது போவி போவியாக மேடை ஏறவில்லை, ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற கற்பனைப் பாத்திரமாக, செம்பட்டை முடியும் முகச்சாயமுமாக ஒன்றரை வருடம் ஊர் ஊராகப் போயிருந்தார். அன்றைய கடைசிப் பாட்டுக்கு முன்னால் மைக் அருகில் வந்து, இந்தச் சுற்றுப்பயணத்தில் இந்த நிகழ்ச்சிதான் நெடுநாள் நினைவில் நிற்கும், ஏனென்றால் பயணத்தின் கடைசி நிகழ்ச்சி மட்டுமல்ல, நாங்கள் செய்யப்போகும் கடைசி நிகழ்ச்சியே இதுதான் என்றார். அரங்கம் அலறியது. கிட்டார் வாசித்த மிக் ரான்சனுக்கு முன்பே தெரியும். பேஸ் வாசித்த டிரெவர் போல்டருக்கும் டிரம்ஸ் வாசித்த வுடி வுட்மன்ஸிக்கும் தெரியாது, மேடையில் நின்றுகொண்டே கூட்டத்தோடு கூட்டமாகத்தான் அவர்களும் கேட்டார்கள். போவி மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் இந்த ஒன்றை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஒன்றரை வருடம் முதுகுக்குப் பின்னால் நின்று வாசித்தவர்களிடம் உள்ளே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவர் ஓய்வு பெறவைத்தது ஸிக்கியைத்தான், தன்னை அல்ல. அதே மாதம் பிரான்ஸில் அடுத்த ஆல்பத்தைப் பதிய ஆரம்பித்துவிட்டார். ஸிக்கி எங்கே முடிகிறான், தான் எங்கே தொடங்குகிறோம் என்று தனக்கே தெரியாமல் போனதைப் பிறகு அவரே பலமுறை பேசியிருக்கிறார். அப்போது அவருக்கு 26. உங்களில் 27 சாபத்தை நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஜோன்ஸுக்கும் மாரிசனுக்கும் கழற்றிவைக்க ஒரு வேடம் இல்லை, போவிக்கு இருந்தது, கழற்றிவைத்தார், அதற்குப் பிறகு 2016 வரை 42 வருடம் வேலை செய்தார்.

இன்னொன்று. அந்த இரவைப் படம் பிடித்தவர் டி.ஏ. பென்னிபேக்கர். 1967இல் கலிஃபோர்னியாவில் நடந்த மான்டரே பாப் விழாவைப் படமாக்கியவரும் அவரே, அந்த விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸை மேடையில் நின்று அறிமுகப்படுத்தியவர் பிரையன் ஜோன்ஸ். ஹாமர்ஸ்மித் பாட்டுப் பட்டியலில் ஒரு ஸ்டோன்ஸ் பாட்டும் உண்டு, 'லெட்ஸ் ஸ்பெண்ட் த நைட் டுகெதர்'. அந்த இசைத்தட்டின் மறுபக்கம் எது தெரியுமா? குழல் வருகிற 'ரூபி டியூஸ்டே'. ஜோன்ஸ் போய் சரியாக நான்கு வருடம் ஆன இரவு. போவி தேதியைப் பார்த்தா பாடினார்? இல்லை, அந்தப் பயணத்தில் ஏற்கெனவே பாடிவந்த பாட்டுதான். ஆனாலும் நமக்குத் தெரிந்த பிறகு வேறு மாதிரி கேட்கிறது.

கேள்வி: சாவைத் தவிர இந்தத் தேதியில் வேறு எதுவும் இல்லையா? யாராவது பிறந்திருக்க மாட்டார்களா?

வின்ஸ் கிளார்க், 1960. டெப்பேஷ் மோட் குழுவின் முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்களை எழுதிவிட்டு அந்த வருடமே விலகி, அலிசன் மோயேவோடு யாஸூ, ஆண்டி பெல்லோடு இரேஷர் என்று குழுக்கள் அமைத்து, சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை வைத்துக்கொண்டு எண்பதுகளையே ஆட வைத்தவர்.

ஆனால் இந்தத் தேதியில் எனக்கு மிகவும் வேண்டிய ஒருவரை யாருமே கேட்கவில்லை. அதுவும் சாவுதான், மன்னியுங்கள். மிசிசிப்பி ஃபிரெட் மெக்டவல், 1972 ஜூலை 3. ப்ளூஸ் பாடகர், மிசிசிப்பியில் கோமோ பக்கம் விவசாயம் செய்துகொண்டிருந்தவர். நாட்டுப்பாடல்களைத் தேடி அலைந்த ஆலன் லோமாக்ஸ் 1959இல் அங்கே போய்ப் பதிவு செய்த பிறகுதான் அவரை வெளியுலகம் கேட்டது, அப்போதே ஐம்பதைத் தாண்டியவர். ஸ்லைடு வாசிக்க அவர் முதலில் பயன்படுத்தியது பேனாக்கத்தி, பிறகு மாட்டு விலா எலும்பு, அதன் பிறகு கண்ணாடிக் குப்பியின் கழுத்து. விரலில் அதை மாட்டித் தந்தியின் மேல் வழுக்கும்போது கிட்டார் பாடும், அவர் வரியைப் பாதியில் விட்டால் மீதியைக் கிட்டார் முடித்துவைக்கும்.

அவர் பாடிப் பிரபலமாக்கிய 'யூ காட்டா மூவ்' பாட்டைத்தான் ஸ்டோன்ஸ் 1971இல் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' ஆல்பத்தில் பாடினார்கள். அதில் ஸ்லைடு வாசித்தவர் ஜோன்ஸின் இடத்துக்கு வந்த மிக் டெய்லர். மெக்டவலின் கல்லறையில் முதலில் வைத்த கல்லில் அவர் பெயரையே எழுத்துப் பிழையோடு பொறித்திருந்தார்கள். அவரிடம் ஸ்லைடு கற்ற பானி ரெய்ட் பிறகு முன்னின்று, 1993இல் சரியான பெயரோடு புதுக் கல் வைக்க உதவினார்.

கேள்வி: அடுத்த ஜூலை 3 அன்று கேட்க நான்கைந்து பாட்டு சொல்லுங்கள், வரிசையாக.

முதலில் மெக்டவலின் 'யூ காட்டா மூவ்', அவருடைய சொந்தக் குரலில். அடுத்து உடனே ஸ்டோன்ஸ் பாடியது வேண்டாம், இரண்டையும் ஒப்பிட ஆரம்பித்துவிடுவீர்கள். அதற்குப் பதில் 'நோ எக்ஸ்பெக்டேஷன்ஸ்', ஸ்லைடு காதில் ஒட்டியிருக்கும்போதே. அப்புறம் 'ரூபி டியூஸ்டே'. அதன் பிறகு ஹாமர்ஸ்மித் பதிவிலிருந்து போவியின் கடைசிப் பாட்டை, அந்த அறிவிப்போடு சேர்த்து. 'ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்' கடைசியில், இரவில், ஹெட்ஃபோனில். அடியில் வரும் அந்தக் கிசுகிசுப்பு முதல் வரியிலேயே உங்களுக்குக் கேட்டதா, இல்லை தேட வேண்டியிருந்ததா என்று எழுதுங்கள்.